பூட்டாமல் போன ஒரு மத்தியானம்

இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் பூட்டு. பேங்குக்கு ஒரு பாஸ்வேர்டு, கரண்டு பில்லுக்கு ஒரு பாஸ்வேர்டு, பென்ஷனுக்கு வேறொன்று. கைப்பேசி என் மூஞ்சியை உற்றுப் பார்த்துவிட்டு, நீ நீதானா என்று கேட்கிறது. அறுபதைத் தாண்டியபின் இதற்கெல்லாம் தினமும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. மகள்தான் விடுவதில்லை. "திறந்து போட்டு வைக்காதீங்கப்பா" என்று அதட்டுகிறாள். அவள் அதட்டும்போதெல்லாம் அந்த அம்மாளின் ஞாபகம் வந்துவிடுகிறது. வேண்டாமென்றாலும் வருகிறது, அதுதான் தொல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் நானும் அவரும் எதிரெதிர் மேஜை. பணியாளர் பிரிவு. நான் லீவு விண்ணப்பங்களைப் பார்க்கிற குமாஸ்தா, அவர் கம்ப்யூட்டரில் கடிதங்கள் அடிப்பவர். கொள்ளேகால்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆபீசில் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சொன்னது "பீகதம்மா" என்று. கன்னடத்தில் பீக என்றால் பூட்டு. எனக்கு அவர் மேடம், அவருக்கு நான் சார். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லையென்றால் தமிழில் பேசிக்கொள்வோம். அவருடையது கொள்ளேகால் தமிழ், என்னுடையது பாதிக்குப் பாதி கன்னடம்.

புதிதாக வந்த மெஷின்களில் ஒரு வசதி இருந்தது. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி வரும். உடனே என்டரைத் தட்டினால் திரை பூட்டிக்கொள்ளும், பாஸ்வேர்டு போட்டால்தான் மறுபடி திறக்கும். எங்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் செய்ததில்லை. பாஸ்வேர்டைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருந்த கூட்டம் நாங்கள். அந்த அம்மாள் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பூட்டுவார். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தாலும் பூட்டுவார். ஒருநாள் தும்மல் வரும்போது கையிலிருந்த கைக்குட்டையைப் போட்டுவிட்டு முதலில் பூட்டினார், பிறகுதான் தும்மினார். சத்தியமாக என் கண்ணால் பார்த்தேன்.

மழைக்காலத்தில் ஒருதரம் ரெக்கார்டு ரூமிலிருந்து சாரைப்பாம்பு ஒன்று வெளியே வந்தது. நாங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு விழுந்தடித்து ஓடினோம். வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் அவர் இன்னும் உள்ளே. பாம்பு அவர் மேஜைக்கு நாலடி தூரத்தில். கன்ட்ரோல் எஸ் தட்டி சேமித்து, மூன்று விசையை அழுத்தி, என்டர் தட்டி, திரை பூட்டிக்கொண்டதை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏன் மேடம், பாம்பு வந்து லெட்டர் படிக்கப் போகுதா?" என்றேன்.

"பாம்ப புடிக்க நாலு பேரு வருவாங்கல்லீங்க?" என்றார் மூச்சு வாங்க.

மேனேஜருக்கே அந்தக் கதிதான். ஏதோ கடிதத்தைப் பார்க்கவேண்டுமென்று அவர் மேஜைக்கே வந்து நின்றால், "சார், ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்று கன்னடத்தில் சொல்வார். அந்தப் பெரிய மனிதரும் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பாஸ்வேர்டு போட்டு முடித்ததும் "ஆய்த்து சார்" என்று குரல் வரும். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

மௌஸ் என்ற சாமானை அவர் தொடவே மாட்டார். வாலைச் சுருட்டி மானிட்டர் மேல் ஏற்றி வைத்திருந்தார். "எலியெல்லாம் வீட்டுல இருக்கறதே போதுங்க" என்பார். எல்லாம் கீபோர்டிலேயே. இன்றைய தேதி வேண்டுமென்றால் கன்ட்ரோலும் அரைப்புள்ளியும். கட்டத்தில் திருத்தவேண்டுமென்றால் எஃப் டூ. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஆல்ட்டும் டேபும். நாங்கள் மௌஸை மேஜை முழுக்க உருட்டி ஒரு பெயரைத் தேடி முடிப்பதற்குள் அவர் மூன்று கடிதம் முடித்திருப்பார். அவ்வளவு வேகம் இருந்தும் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்காது. வரும்போதே அசதியோடு வருவார், போகும்போதும் அப்படியே. மணிக்கட்டில் எப்போதும் வலிநிவாரணி தைல வாசனை.

ஏன் இப்படிப் பூட்டிப் பூட்டிச் சாகிறீர்கள் என்று ஒருநாள் டிபன் சாப்பிடும்போது கேட்டேன். டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்.

"இதுக்கு முந்தி ஒரு எடத்துல இருந்தனுங்க. கருப்புத் திரை, பச்சை எழுத்து. அப்ப பூட்டறதுக்கே வழி இல்லீங்க. நான் சாப்புடப் போன நேரத்துல யாரோ வந்து ஒரு ஆளோட வருகையில மூணு நாளை மாத்திட்டாங்க. வந்திருந்தவன வரலைன்னு. அவனுக்கு வேலை போயிருச்சு. சம்சாரத்தக் கூட்டிட்டு வந்து எம் மேஜை முன்னாடி நின்னானுங்க. திட்டலை. சும்மா நின்னான். நான் மாத்தலைன்னு சொன்னா ஆருங்க நம்புவாங்க? எம் மெஷினு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவரும் திரும்ப அதைப் பேசியதில்லை.

அந்த வருஷம் தசராவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு பேச்சு கிளம்பிற்று. வடக்கே நாக்பூர் பக்கம் புதிதாக ஆரம்பிக்கும் ஆலைக்கு இங்கிருந்து பதினொரு பேரை மாற்றப்போகிறார்கள், போகாதவன் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். யார் அந்தப் பதினொரு பேர் என்பது மேனேஜருக்குத் தெரியும், பட்டியலை அடிக்கிற அந்த அம்மாளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அவர் மேஜையைச் சுற்றி ஆட்கள் ஈ மாதிரி மொய்த்தார்கள். ஸ்வீட் கொண்டுவந்தவன் உண்டு, பூ வாங்கி வந்த பெண்கள் உண்டு. யார் நெருங்கினாலும் மூன்று விசை, என்டர்.

எனக்கு இது உயிர் போகிற விஷயம். என் மகளுக்கு அப்போது நாலரை வயது. பிறவியிலேயே காது கேட்காது. காதில் மெஷின் மாட்டி, மைசூரில் பேச்சுப் பயிற்சிக்கு வாரம் நாலு நாள் என் மனைவி தூக்கிக்கொண்டு ஓடுவாள். இன்னும் இரண்டு வருஷம் நடுவில் விடாமல் செய்தால் பேசிவிடுவாள், விட்டால் போச்சு என்று டீச்சர் சொல்லியிருந்தார். அம்மா, பூ, பஸ். இந்த மூன்று சொல்தான் அதுவரை வந்திருந்தது. மைசூரிலேயே ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேறு வேலை தருவதாகச் சொன்னார்கள். பாதிச் சம்பளம்தான். தசரா லீவு முடிந்ததும் வருகிறேனா இல்லையா என்று சொல்லியாகவேண்டும். பட்டியலில் என் பெயர் இருந்தால் அங்கே போய்விடவேண்டும், இல்லாவிட்டால் போகக்கூடாது. எதுவும் தெரியாமல் எதைச் செய்வது?

கேன்டீனில் ஒருநாள் அவரைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். "பேரு இருக்கா இல்லையான்னு வாயால சொல்ல வேணாம் மேடம். தலையாட்டினா போதும்."

"கேக்காதீங்க சார்."

"பாப்பாவுக்காகக் கேக்கறேன்."

"தெரியுதுங்க. கேக்காதீங்க. ஒருத்தருக்குச் சொன்னா நாளைக்கு அத்தனை பேருக்கும் நான் என்னங்க பதில் சொல்லுவேன்?" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டடி போய்த் திரும்பி, "பாப்பா இப்ப என்னென்ன பேசறா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டினேன்.

ஆயுத பூஜையை எங்கள் ஆபீசில் லீவுக்கு முந்தின நாள் மத்தியானமே செய்துவிடுவார்கள். லேத்து முதல் ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்திப் பூ. மங்களாரத்தி காட்டிவிட்டால் அந்த மெஷின்களைத் தொடக்கூடாது, லீவு முடிந்து வந்துதான் தொடவேண்டும். இதில் யாருக்கும் விளையாட்டு கிடையாது. அந்த வருஷம் மேனேஜருக்கு ஒரு புது ஆசை. யாரோ சாமுண்டீஸ்வரி படத்தை ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் திரையிலேயே அம்மன் தெரிய, அதற்குப் பூஜை செய்யவேண்டும். நல்ல கலர் மானிட்டர் இருந்தது அந்த அம்மாளிடம் மட்டும்தான். படம் தானாக அணைந்துவிடாதபடியும் செய்துவைக்கச் சொன்னார்.

படத்தைத் திரையில் போட்டு, அந்த அம்மாளே குங்குமம் வைத்தார். கீபோர்டின் வலது பக்கம் முழுக்கப் பூச்சரம், என்டர் மேல் குங்குமம், டெலீட் மேல் குங்குமம், நடுவில் நீளப் பொத்தானில் மூன்று பொட்டு. இடது ஓரத்தில் மட்டும் ஒன்றுமில்லை. அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். ஆரத்தி ஆயிற்று. பூசணிக்காய் உடைத்தார்கள், பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள், ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூஜை ஆன மெஷினைத் தொட்டால்தான் பூட்ட முடியும். ஆக அது பூட்டாமலே இருக்கிறது. அஞ்சு மணிக்கு எலெக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைக்கிறவரை அப்படித்தான் இருக்கும்.

அவர் அதன் எதிரில் நாற்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குத் திடீரென்று எழுந்தார்.

"கொள்ளேகால் பஸ்ஸு இப்ப உட்டா கூட்டத்துல ஏற முடியாதுங்க சார். மெயின அணைக்கற வரைக்கும் நீங்க இங்க உக்காருங்க."

"நானா?"

"வேற ஆரு இருக்காங்க?"

நிஜமாகவே யாரும் இல்லை. பொரிப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், வராண்டாவில் நடந்து போய்விட்டார்.

அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். திரையின் அடியில் சின்னதாக இன்னொரு கட்டம் தெரிந்தது. படத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு ஃபைல் திறந்தே இருக்கிறது. தும்மலுக்குப் பூட்டுகிற மனுஷி ஃபைலை மூடாமல் எப்படிப் போனார் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தைத் தாண்டி நான் யோசிக்கவில்லை. இடது கையை நீட்டினேன். ஆல்ட், டேப்.

பட்டியல்தான். பதினொரு பெயர். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, நாலு தடவை படித்தேன். என் பெயர் இல்லை. மறுபடி ஆல்ட், டேப். அம்மன் வந்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. அஞ்சு மணிக்கு எலெக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்தபோது என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, கற்பூரப் புகையா சார் என்று கேட்டான்.

நல்லது, அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விஜயதசமி சாயங்காலம், மைசூர்ப் பக்கத்து வழக்கப்படி பொன் என்று சொல்லி வன்னி இலை கொடுக்க பசவராஜு வீட்டுக்கு வந்தான். ஸ்டோர்ஸில் வேலை, பத்து வருஷமாக என் டிபனில் பாதி அவனுக்கு. அவன் பெயர் பட்டியலில் ஏழாவது. இலையை என் கையில் வைத்து, தழுவிக்கொண்டு, பொன்னாக இருப்போம் என்று அவன் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவனும் அம்மா மேல் ஆணையாக என்றான்.

லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்று காலை பத்து மணிக்கு யூனியன்காரர்களோடு மேனேஜர் ரூமுக்குள் போய் மேஜையைத் தட்டினான். "ஏழாவது பேரு என்னுது! இல்லேன்னு சொல்லுங்க பாக்கலாம்!" என்று கன்னடத்தில் அவன் கத்தியது எங்கள் பிரிவு வரைக்கும் கேட்டது. எண் சொல்கிறான் என்றால் யாரோ பட்டியலையே பார்த்திருக்கிறார்கள். அது இருந்தது ஒரே மெஷினில்.

அந்த அம்மாளைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஏதோ கையெழுத்து வேண்டியிருந்தது, அல்லது வேண்டியிருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஃபைலோடு கதவருகில் நின்றேன்.

"யாரு பாத்தது?" என்றார் மேனேஜர்.

"தெரியாது சார். பூட்டாம போனது நான்."

"நீங்க பூட்டாம போவீங்களா? யார்கிட்ட கதை சொல்றீங்க?"

"பூஜைக்கு அப்புறம் தொடக்கூடாதுன்னு விட்டுட்டேன். தப்பு என்னுது. அதுக்கு மேல கேக்காதீங்க."

கேன்டீனில் எனக்குச் சொன்ன அதே வார்த்தை. கதவருகில் நின்ற என் பக்கம் அவர் கண் திரும்பக்கூட இல்லை. நான்தான் சார் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. மகளுக்காகத்தான் சொல்லவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயம், வேறொன்றும் இல்லை. எலெக்ட்ரீஷியன் எதிரே வந்தால் ஒரு மாதம் வேறு வழியாகச் சுற்றிப் போனேன்.

யூனியன் சத்தத்துக்கு பசவராஜு பெயரை எடுத்துவிட்டார்கள். ஏழாவது இடம் காலி. அந்த இடத்தில் யார் என்பதை மேனேஜர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாள் வாங்கிப் பார்த்தார், மேஜைக்கு வந்தார், கீழ்நோக்கிய அம்புக்குறி விசையை ஆறுமுறை தட்டினார், தன் பெயரைத் தானே அடித்தார். கன்ட்ரோல் எஸ். பிறகு உத்தரவுக் கடிதத்தையும் அவரே அடித்தார், தேதிக்கு கன்ட்ரோலும் அரைப்புள்ளியும். அச்சுக்குக் கொடுத்துவிட்டு, மூன்று விசை, என்டர், போய்த் தண்ணீர் குடித்தார். நாக்பூருக்கு அவர் போகவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடமும். "வர்றனுங்க சார். பாப்பாவப் பாத்துக்குங்க." அவ்வளவுதான்.

ஒன்றரை வருஷம் கழித்து மனைவி வழியில் ஒரு கல்யாணத்துக்குக் கொள்ளேகால் போனோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் அவர். மௌஸ் மானிட்டர் மேலேயே இருந்தது. நழுவிவிடலாம் என்று நினைத்தேன், அதற்குள் பார்த்துவிட்டார். எழுந்து வெளியே வந்தார். திரையைப் பூட்டவில்லை. அது அப்படியே திறந்து கிடந்தது.

நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இங்க பூட்டறதுக்கு என்னங்க இருக்கு? கல்யாணப் பத்திரிகை. ஊருக்கே குடுக்கறதுதானுங்க" என்றார். கண்ணுக்குக் கீழே கருப்பு இறங்கியிருந்தது.

மகளிடம் குனிந்தார். "உம் பேரு என்ன கண்ணு?"

மகள் அவர் உதட்டையே பார்த்தாள். "மாலா" என்றாள், கொஞ்சம் இழுத்து.

"எங்க போறீங்க?"

"மைசூருக்கு. எங்க வீட்டுக்கு. நான் ஜன்னல்கிட்ட உக்காருவேன். அப்பா உக்காரக் கூடாது."

அவர் சிரித்தார். நாலு வருஷம் எதிரில் உட்கார்ந்திருந்தும் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. மனைவி டிக்கெட்டைப் பற்றி விசாரிக்கப் போயிருந்தாள். அவர் நிமிர்ந்து, முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இவ பேசணும்னுதானுங்க சார் அன்னிக்குப் பூட்டாம போனேன். உங்க கைக்குத் தோதா இருக்கட்டும்னு அந்த ரெண்டு பட்டன்ல குங்குமங்கூட வெக்கலை. பாத்துட்டு கம்முனு இருப்பீங்கன்னு நெனச்சனுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னார், நாள் முழுக்க வேலை செய்துவிட்டுக் கடைசிக் கடிதத்தைப் படித்துக் காட்டுகிற மாதிரி. மன்னிப்புக்கூடக் கேட்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

பஸ் வந்தது. மகள் ஜன்னல் ஓரம் ஏறி உட்கார்ந்து, "டாட்டா அத்தை" என்று கத்தினாள். அவர் கையை ஆட்டிவிட்டுக் கடைக்குள் போனார். மைசூர் வந்து சேரும்வரை மகள் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். மாடு, லாரி, கரும்பு, ஆறு, பாலம், எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.